ஊசிக்கோடு

"உள்ள வைக்கும்போது நீலமாத்தானே இருந்துச்சு அக்கா?"

"இருந்துச்சுடி."

"மை மாதிரியா, இல்ல தண்ணி கலந்த மாதிரியா?"

"மை மாதிரிதான். எத்தனை தடவை கேப்ப?"

கேட்டவள் ஆய்வு மாணவி. எந்நேரமும் நீலக் கரைசலே கதியென்று கிடப்பதால் அந்தக் கட்டடத்தில் அவளுக்கு நீலம் என்றே பெயர் விழுந்துவிட்டது. பதில் சொன்னவள் காந்தக் கருவி அறையைப் பார்த்துக்கொள்பவள்; மாணவர்கள் எல்லோருக்கும் அக்கா. அக்கா கையில் கரைசல் குழாயைக் கொடுத்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று அவள் காதுபடவே பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சை அவள் நகையைப் போல அணிந்திருந்தாள். நேற்றிலிருந்து அது கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தது.

சோடியம் கொடுத்தே பழகிய உலோகம். வெளியே நிற்கும் ஒற்றை எலக்ட்ரானைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நேர்மின் அயனியாக நிற்பதுதான் அதன் சுபாவம். நீலத்தின் குழாய்க்குள் அந்தச் சுபாவம் மாற வேண்டும். ஒரு சோடியத்தைக் கூண்டு போன்ற மூலக்கூறு சுற்றிப் பிடித்துக்கொள்ள, அது விட்ட எலக்ட்ரானை இன்னொரு சோடியம் வாங்கி வைத்துக்கொண்டு எதிர்மின் அயனியாகிவிட வேண்டும். ஆனதா இல்லையா என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. காந்தத்துக்குள் இறக்கி என்எம்ஆர் என்ற அலைப்பதிவு எடுத்தால் கூண்டுக்குள் இருப்பது அகலமான மேடாகத் தெரியும். எலக்ட்ரானை வாங்கியது வலப்பக்கம் வெகுதூரம் தள்ளி ஊசி போல ஒரு கோடாக நிற்கும். எல்லாம் கடுங்குளிரில்தான். கொஞ்சம் சூடேறினாலோ ஒரு பொட்டு ஈரம் பட்டாலோ கரைசல் வெளுத்துவிடும்.

அந்த ஊசியை அக்கா பார்த்தாள். நேற்று மதியம், திரையில், இரைச்சல் கோடுகளுக்கு நடுவே மெல்லியதாக அது முளைத்தது. வளர வளர அதன் பக்கத்தில் மற்றதெல்லாம் மங்கலாகிப் போயிற்று. யாருமில்லாத அறையில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இன்னும் தெளிவாக வரட்டும், பிறகு நீலத்தைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று ஓடவிட்டாள். அப்போதுதான் தங்கையிடமிருந்து போன் வந்தது. மகளுக்குப் பல் விழுந்த கதை. காந்தத்துக்குப் பக்கத்தில் போன் ஆகாது என்று தாழ்வாரத்துக்குப் போனவள், விழுந்த பல்லைத் தேடிக் குடும்பமே கட்டிலுக்கடியில் தவழ்ந்ததைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே நின்றுவிட்டாள். குழாயைக் குளிர்விக்கும் நைட்ரஜன் கலம் அடிமட்டத்தில் இருந்தது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நின்றாள். திரும்பி வந்தபோது கலம் காலி, வெப்பநிலை ஏறியிருந்தது. குழாயை வெளியே எடுத்தாள். தண்ணீரைப் போல இருந்தது. கண்ணாடியில் ஒரு பக்கம் சாம்பல் நிறத்தில் ஏதோ பூசியது போல ஒட்டியிருந்தது. கைகால் ஓடவில்லை. பிறகு கை மட்டும் ஓடியது: சேமிக்காமலே திரையில் இருந்த பதிவை அழித்தது, கலத்தை மாற்றியது, மறுபடி குளிரவைத்துப் புதிதாக ஒரு பதிவு எடுத்தது. நீலம் ஓடி வந்து கதவருகே மூச்சு வாங்கியபோது, "அந்த இடத்துல ஒண்ணும் வரலடி. வச்ச கொஞ்ச நேரத்துலயே வெளுத்துடுச்சு போல" என்றாள்.

முதல் வாக்கியம் பதிவைப் பொறுத்தவரை உண்மை. ராத்திரி முழுக்க அதையே பிடித்துக்கொண்டு கிடந்தாள். இரண்டாவதில் இருந்த அந்தப் 'போல'தான் தூங்கவிடவில்லை.

"ஈரம்தான் அக்கா. வேறென்ன?" நீலம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். அமிலத்தில் கண்ணாடி கழுவிக் கழுவி நுனிகள் வெடித்திருந்தன. "இதுக்கு மேல எப்படிக் கழுவுறதுன்னு எனக்குத் தெரியல. கைடு சார் காலைல கூப்பிட்டுச் சொல்லிட்டார். ஒண்ணரை வருஷம் பாத்தாச்சாம், உனக்குக் கை வரல, வேற தலைப்பு எடுத்துக்கோன்னார். கோவமாச் சொல்லியிருந்தாக்கூடத் தேவலை. பாவப்பட்டுச் சொன்னார்."

அக்காவுக்கு வாய்வரை வந்தது. வந்தது உதட்டைத் தாண்டும்போது, "சாப்பிட்டியா?" என்று மாறிவிட்டது.

"ம்" என்ற நீலம், கூட எடுத்து வந்திருந்த குடுவையை மேசைமேல் வைத்தாள். உலர்பனியின் வெண்புகை விளிம்பில் வழிந்தது. உள்ளே, வாயை உருக்கி மூடிய கண்ணாடிக் குழாய் ஒன்று, மைநீலத்தில்.

"என்னடி இது?"

"நேத்து வச்சதோட ஜோடி. ஒரே கரைசலைத்தான் ரெண்டாப் பிரிச்சு மூடினேன். அதே கண்ணாடி, அதே கழுவல். குளிர்ல இருக்கிறவரைக்கும் நாடகம் போடும், உள்ள வச்சா இதுவும் வெளுக்கத்தான் போகுது." சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "ஆல்கஹால்ல உடைச்சு அழிச்சுட்டு வரச் சொன்னார். காலையிலேர்ந்து தூக்கிட்டு அலையறேன், கை வரமாட்டேங்குது."

அவளுக்குப் பின்னால் திரையில் வெப்பநிலை காட்டும் எண் மின்னிக்கொண்டிருந்தது. புதுக் கலம் விளிம்புவரை நிறைந்திருந்தது. நீலம் குடுவையை இரு கைகளாலும் எடுத்து அக்காவின் கைகளுக்குள் வைத்தாள். புகை இருவர் விரல்களிலும் இறங்கியது.

"நீங்களே அழிச்சுடுங்களேன் அக்கா."