வளையலில் மூன்று எழுத்து

இஸ்ரேலின் அஷ்தோத் நகரக் கடைத்தெருவில் அல்பேரின் வெள்ளிக் கடைக்குள் சிம்ஹா நுழைந்தபோது, அவள் கணவர் மைமோன் முனகிக்கொண்டே பின்னால் வந்தார். ஞாயிறு மாலை அவர்கள் வீட்டில் மகன் கல்யாணத்துக்கான மருதாணி விழா. மொரோக்கோவிலிருந்து வந்த அந்தக் குடும்பத்தில், அன்று மாமியார்தான் மணப்பெண்ணின் கையில் வளையல் போடுவாள்.

வளையல் வாங்குவது சிரமமில்லை. ஹதாஸ் பழையபடி பேச வேண்டும், அதுதான் சிரமம். மருமகளாகப் போகும் அந்தப் பெண் வேறு மார்க்கத்தில் பிறந்து யூத மார்க்கத்தில் சேர்ந்தவள். போன மாதம் ஓய்வுநாள் விருந்தில் சிம்ஹா பெருமை தாங்காமல், "மதம் மாறி வந்த பொண்ணுதான், ஆனா கூஸ்கூஸ் சமைக்கிறதுல நம்மளையே மிஞ்சிட்டா" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். ஹதாஸ் சிரித்தாள். ஆனால் வந்ததும் அடுப்படிக்குள் நுழைகிறவள், அன்றுமுதல் விருந்தாளியைப் போலக் கூடத்திலேயே உட்கார்ந்தாள்.

"வார்த்தையால கெடுத்தத வார்த்தையாலதான் சரிபண்ணணும்" என்றாள் சிம்ஹா. "நல்ல வசனமா பொறிச்சது காட்டுங்க, அல்பேர்."

"நம்ம போன் நம்பரப் பொறிக்கச் சொல்லு" என்றார் மைமோன். "பையன் தகராறு பண்ணா உடனே கூப்பிடட்டும்."

"உங்க அம்மா எனக்கு அப்படி ஒண்ணு போட்டிருந்தா, அந்த நம்பர் இந்நேரம் தேஞ்சே போயிருக்கும்."

அல்பேர் எடுத்துவைத்த வளையலைப் பார்த்ததும் சிம்ஹாவின் கண் கலங்கியது. வேற்றினத்திலிருந்து வந்த ஒருத்தி தன் மாமியாரை விட்டுப் பிரியமாட்டேன் என்று சொன்ன வேத வசனம் அதில் சுற்றிலும் ஓடியது. "எங்களுக்காகவே எழுதின மாதிரி இருக்கு. கட்டிடுங்க."

பக்கத்தில் காதணி பார்த்துக்கொண்டிருந்த பெண் எட்டிப் படித்தாள். "ரொம்ப அழகு. யாருக்கு, மதம் மாறி வந்த பொண்ணுக்கா?"

அவள் அன்பாகத்தான் கேட்டாள். சிம்ஹா வளையலை மெல்லக் கீழே வைத்தாள். பேருந்தில், பள்ளிக்கூட வாசலில், பார்க்கிற எவளும் இதைத்தானே கேட்பாள்? வந்து சேர்ந்தவளிடம் அவள் வந்த வழியை நினைவூட்டாதே என்பது கடவுளின் கட்டளை. நாக்கு ஒருமுறை செய்ததை இனி இந்த வெள்ளி வளையல் தினமும் செய்யும்.

"என்ன, விலை அதிகமா?" என்றார் மைமோன்.

"இல்ல. இது மருமக சொன்ன வார்த்தை. அவ வாயில நான் எதுக்குத் திணிக்கணும்? மாமியார் சொல்ல வேண்டியதத்தான் நான் எழுதணும். எழுத்தே இல்லாத வளையல் இருக்கா?"

சிம்ஹா பொறிக்கச் சொன்ன சொல்லைக் கேட்டு அல்பேர் தலையைச் சொறிந்தார். "'என் மகள்' அவ்வளவுதானா? எபிரேயத்துல மூணே எழுத்து. நிறைய இடம் மிச்சமிருக்கே, ஒரு பூவாவது போடட்டுமா?"

"மிச்சம் இருக்கட்டும். அவ கொஞ்சம் மூச்சு விடட்டும்."

ஞாயிறு மாலை வீடு தம்பட்டமும் குலவையுமாக அதிர்ந்தது. சிம்ஹா வளையலை மாட்டிவிட்டு, மணப்பெண்ணின் இரு உள்ளங்கைகளிலும் மருதாணி அப்பித் துணி சுற்றினாள். பார்வை மங்கிய ஒரு பெரியம்மா அந்தக் கையைக் கண்ணுக்கருகே இழுத்து எழுத்துக் கூட்டினாள். "என்... மகள். உங்கம்மா போட்டதாடி?"

ஹதாஸ் குனிந்து முதல்முறையாக அதைப் படித்தாள். நிமிர்ந்து சிம்ஹாவைத் தேடினாள். சிம்ஹா தட்டுகளை அடுக்குவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"ஆமா பெரியம்மா. எங்கம்மா போட்டது."

சற்று நேரத்தில் சிம்ஹா புதினாத் தேநீர் போட அடுப்படிக்குப் போனாள். பின்னாலேயே பட்டுப்பாவாடை சரசரத்தது. துணி சுற்றிய இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்தபடி ஹதாஸ் வந்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒரு வேலையும் செய்ய முடியாது" என்றாள். "நீங்க செய்யுங்க. நான் குத்தம் சொல்றேன்."

"அதுக்குத்தானே மருமக" என்று சிம்ஹா சர்க்கரையை அள்ளிப் போட்டாள்.

"ஜாஸ்திம்மா" என்றாள் ஹதாஸ்.