சுற்றிவந்த ஒளி

"கட்டுரையில என் பேரு முதல்ல வரணும், சார்."

ஆய்வக உதவியாளர் மலையாண்டி வாய்க்குக் கொண்டுபோன டீ டம்ளர் பாதியில் நின்றது. எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று அவர் ஆய்வு மாணவி தாமரைச்செல்விக்கு முதல் நாளே சொல்லியிருந்தார். இங்கே மாணவர் ஒரு வரி எழுதுமுன் வழிகாட்டியின் பெயரை மேலே அடித்துவிட வேண்டும். பிள்ளையார் சுழி மாதிரி.

பேராசிரியர் வெங்கடசுப்பிரமணியன் நிமிரவில்லை. "மொதல்ல வேலை செய்யறதான்னு காட்டு."

கண்ணாடி இழையில் ஒளியாக ஓடிவரும் தகவல் பொட்டலங்கள் இரண்டு ஒரே வாசலுக்கு ஒன்றாக வந்தால் ஒன்று தொலையும். ஒளியை நிறுத்தி வைக்க முடியாது. நடக்கவிட்டுத்தான் காக்க வைக்க வேண்டும். ஒரு மைக்ரோ நொடி காக்க வைக்க இருநூறு மீட்டர் இழை. வாசலுக்கு ஒன்றாகப் பதினாறு இழைச் சுருள் வேண்டுமென்றார் சார். தாமரைச்செல்வி நாலே சுருளை எல்லா வாசலுக்கும் பொதுவாக்கினாள். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நிற்க இடமில்லாத பஸ், எந்த ஊர் பஸ்ஸானாலும், அதே பாதையில்தானே சுற்றிவருகிறது?

சுவிட்சைப் போட்டாள். திரையில் ஒரு முகடு எழுந்தது, நேரே வந்த பொட்டலம். சிறு இடைவெளி. பிறகு இரண்டாவது முகடு, சுருளைச் சுற்றிவந்த பொட்டலம், கொஞ்சம் மெலிந்து, ஆனால் முழுசாக. அரைமணி நேரம் ஓடியும் ஒன்றுகூடத் தொலையவில்லை. கணக்கில் ஆயிரம் தடவை பார்த்ததுதான். இருந்தும் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"ஏத்தா, இந்தச் சுருளுக்குள்ளயா அம்புட்டுத் தூரம் போயிட்டு வருது?" மலையாண்டி குனிந்து பார்த்தார்.

"நீங்க கண்ணச் சிமிட்டுறதுக்குள்ள லட்சம் தடவ வந்துரும்ண்ணே."

பேராசிரியர் எழுந்து வந்து சுருளை விரல் நுனியால் தொட்டார், சூடாக இருக்குமோ என்பதுபோல. "இருபது வருஷமா பாடம் எடுக்கறேன். இன்னிக்குத்தான் பாக்கறேன்." விரலை எடுத்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டாவது பேரா போட்டுக்கோ. இதுவரைக்கும் யாருக்கும் குடுத்ததில்ல."

"யோசிச்சது நான். இழைய ஒட்டுனது நான். கண்ணாடித் துகள் ஏறுனதும் என் விரல்லதான். ரெண்டாவது என்ன சார் ரெண்டாவது?"

"உங்க வீட்ல மொதப் பட்டதாரி நீ. நிதானமா இரு."

"அதான் சார். எதெதைக் கேக்கக் கூடாதுன்னு சொல்லிக்குடுக்க வீட்ல ஆளில்ல."

நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்தாள். உள்ளே, வழிகாட்டியை மாற்றக் கேட்கும் விண்ணப்பம் இருந்தது. காலையில் திருநகரில் பஸ் ஏறுமுன்னே கையெழுத்துப் போட்டது.

"லேசர அணைச்சுருங்கண்ணே. ஆபீசுக்குப் போறேன்."

திரையில் முகடுகள் வந்துகொண்டே இருந்தன. ஒருமுறை ஆசைதீரப் பார்த்துவிட்டு வெளியே நடந்தாள்.