ஒரு முழம் தகரம்

கம்பெனியின் வரலாற்றுப் புத்தகத்துக்குப் படம் எடுக்க அவளை வரச் சொல்லியிருந்தார்கள். முதலாளியின் அறையில் போட்டோக்காரன் விளக்குகளை நிறுத்திக்கொண்டிருந்தான். முதலாளி அவளுடைய கொழுந்தன். கம்பெனியைத் தொடங்கிய அவள் கணவர் செத்துப் பல வருடம் ஆகிறது.

"அண்ணி, சால்வையை இந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்து விட்டுக்குங்க."

அது வலது பக்கம். அங்கே மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை.

அவள் இழுக்கவில்லை. மேசையில் கிடந்த அச்சுத்தாளை இடது கையால் எடுத்துப் படித்தாள். எங்கள் கதிரடிக்கும் இயந்திரத்தில் கதிரைத் தள்ளும் தகரச் சரிவு நீளமானது. விவசாயியின் கை பல் உருளையை எட்டவே எட்டாது. நிறுவனரின் தொலைநோக்கு.

"தொலைநோக்கா?"

"சும்மா ஒரு வார்த்தை அண்ணி."

"முதல் மிஷினுக்கும் உங்கண்ணன் சரிவை நீளமாத்தான் வெச்சாரு. பட்டறைக் கதவுல நுழையலன்னு ஒரு முழம் வெட்டினது யாரு?"

போட்டோக்காரன் குனிந்து ஒயரைச் சரிசெய்தான்.

"வாங்குறவங்க காலையில வந்து நின்னுட்டாங்க. செவுத்தை இடிக்க நேரமில்ல."

"என் கை போனதும் இடிச்சீங்களே. ஒரே மத்தியானத்துல."

"பழசைக் கிளறாதீங்க."

"வரலாறுன்னா பழசில்லாம வேற என்னடா?"

கொழுந்தன் குரலைத் தாழ்த்தினான். "குடும்பத்தாரின் தியாகம்னு ஒரு வரி சேர்த்துடலாம்."

"நான் தியாகம் பண்ணல. நீ வெட்டினே, எனக்குப் போச்சு. அதை எழுது."

"எழுதினா எவன் வாங்குவான்? கீழ வேலை செய்றவங்க வயித்துல அடிக்கணுமா?"

"உன் வெக்கத்தை மறைக்க அவங்களை எதுக்கு முன்னால நிறுத்துறே?"

அவன் முகம் சிவந்தது. மேசையில் அறைந்தான்.

"சரிவு குட்டையா இருந்தது கண்ணுக்குத் தெரியுதுல்ல? நீங்க ஏன் அவ்வளவு உள்ள கையை விட்டீங்க?"

இத்தனை வருடமும் அவன் இதை வாய்விட்டுக் கேட்டதில்லை. ஒவ்வொரு முறை அவள் கையைப் பார்த்தபோதும் மனதுக்குள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

அவள் சால்வையை உருவி நாற்காலியில் எறிந்தாள். தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கம் மேலே தெரிய அவன் முன்னால் வைத்தாள்.

"அதையே எழுது. ‘கையை விட்டது எங்கண்ணி தப்பு’ன்னு எழுதி, கீழ உன் கையெழுத்தைப் போடு."

அவன் பேனாவைத் தொடவில்லை.

"மேடம், லைட்டை அணைச்சிடவா?" என்றான் போட்டோக்காரன்.

"எரியட்டும்" என்றாள். "இவன் எழுதி முடிக்கட்டும்."