துரைக்கு வேண்டிய வெளிச்சம்

கடைவீதியில் அவருக்குச் சரவிளக்கு என்று பெயர். நேரில் எல்லோரும் 'சார்' போட்டுத்தான் பேசுவார்கள். தலை மறைந்ததும் சரவிளக்கு. அலங்கார விளக்குக் கடை வைத்திருந்தார். ஆனால் விளக்கு விற்கிறேன் என்று ஒருநாளும் அவர் வாயில் வந்ததில்லை. "வெளிச்சத்தை வடிவமைக்கிறேன்" என்பார். குளியலறைக்கு ஒரு பல்பு கேட்டு அவசரமாக வந்த மனிதரையும் நாற்காலியில் உட்காரவைத்து, "உங்க குளியலறை என்ன மனநிலையில இருக்கணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்பார். வந்தவருக்குக் குளிக்கிற ஆசையே போய்விடும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. வெளிச்சம் என்று யார் வாயெடுத்தாலும் முடிக்க விடமாட்டார். மீதியை அவரே சொல்லி முடித்து, அதற்கு மேல் ஒரு சொற்பொழிவும் சேர்த்துத் தருவார்.

அவர் வீட்டுக் கூடம் கடையைவிட ஒரு படி மேல். கூரையோரத்தில் ஒளித்து வைத்த விளக்குகள், சுவரை வருடுகிற விளக்குகள், எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத விளக்குகள். சுவிட்சுப் பலகையை வேறு யாரும் தொடக் கூடாது. அவர் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள். கூடத்தில் காதணி விழுந்துவிட்டால் டார்ச்சு எடுத்துவந்துதான் தேடுவாள்.

அந்தக் கூடத்துக்குத்தான் மச்சினன் ஒரு கண்ணாடிப் பெட்டியோடு வந்து சேர்ந்தான். சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. கரையில் அவனுக்கென்று இருந்தது அக்கா வீடும், அந்தப் பெட்டிக்குள் இருந்த உயிரும்தான். உள்ளங்கை நீளம்கூட இல்லாத ஓணான் குட்டி. கழுத்தைச் சுற்றித் தாடி வைத்தது போல மெல்லிய முட்கள். தலையை நிமிர்த்தி எதிரில் நிற்பவரை ஏற இறங்கப் பார்க்கிற தோரணைக்காக அதற்குத் துரை என்று பெயர் வைத்திருந்தான்.

"இந்த வீட்டுல ஏற்கெனவே ஒரு துரை இருக்காரேடா," என்றாள் அக்கா.

பெட்டியின் மேல் இரண்டு விளக்குகள். ஒன்று சூட்டுக்கு. இன்னொன்று வெளிறிய நீலமாய் எரிகிற குழல்.

"அத்தான், இந்த டியூப் மட்டும் பகல் பூரா எரியணும். பாக்கறதுக்கு நல்லா இருக்காது. ஆனா இதுல வர்ற—"

சரவிளக்கின் கை உயர்ந்தது. "மச்சான், கப்பல எப்படி ஓட்டணும்னு நான் உனக்கு என்னிக்காவது சொல்லிக் குடுத்திருக்கேனா?"

"அதுக்கில்ல அத்தான், இது வந்து—"

"வெளிச்சத்த எங்கிட்ட விட்டுட்டு நிம்மதியாப் போயிட்டு வா."

மச்சினன் அக்காவைப் பார்த்தான். "நான் பாத்துக்கறேன்டா," என்றாள் அவள். அவன் பெட்டிக்குள் விரலை நீட்டினான். துரை அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. இறக்கிவிட மனசு வராமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றிருந்துவிட்டுக் கிளம்பிப் போனான்.

அந்தக் குழல் எரிந்த முதல் வாரமே வம்பு வந்தது. விளக்கு வணிகர் சங்கத்தின் செயலாளர் ஏதோ வேலையாக வீட்டுக்கு வந்தவர், கூடத்துக்குள் நுழைந்ததும் குரலைத் தாழ்த்தி, "வீட்டுல யாருக்காவது உடம்பு முடியலையா சார்?" என்று கேட்டார். பார்த்துப் பார்த்து இழைத்த பொன்னிறச் சுவரெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி வெளிறிக் கிடந்தது. சங்கம் அந்த வருஷம் 'ஒளிச்செம்மல்' என்று ஒரு பட்டம் தருவதாக இருந்தது. சரவிளக்குக்கு அதில் ஆசையில்லை. ஊரில் தன்னைவிட்டால் அதற்கு வேறு ஆளில்லையே என்ற கவலை மட்டும்தான்.

செயலாளர் படியிறங்கியதும் குழலைக் கழற்றினார். அதே இடத்தில் தன் கடையின் பெருமையான 'தங்க அந்தி' விளக்கை மாட்டினார். அதன் கீழே துரை வார்த்தெடுத்த சிலை போல மின்னியது.

"தம்பி அந்த டியூப்தான் எரியணும்னு சொன்னானேங்க," என்றாள் மனைவி.

"அது மட்டமான சரக்கும்மா. வெளிச்சம்னா நம்ம வெளிச்சத்தவிடவா? ஜன்னல் பக்கம் வெச்சிருக்கோம், வெயிலும் வருது. வேற என்ன வேணும் அதுக்கு?"

விளக்கைப் பற்றிச் சொல்வது விளக்குக்காரர். அவள் நம்பினாள். கழற்றிய குழல் கடைக்குப் போய், அங்கே ஏணி சரிந்ததில் உடைந்தும் போனது.

துரையின் தோரணை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதை முதலில் கவனித்தவள் அவள்தான். உயிருள்ள சின்னப் பூச்சிகளை விட்டால் பாய்ந்து பிடிக்கிற குட்டி, பூச்சி மூக்குமுன் நடந்து போனாலும் பார்த்துக்கொண்டே கிடந்தது. பிறகு விரல்கள் நடுங்கின. பின்னங்கால்கள் உடம்போடு சேராமல் இழுபட்டன. அவள் அதன் தாடையைத் தொட்டுப் பார்த்தாள். ரப்பர் போல அமுங்கியது. உடனே கணவரைக் கூப்பிட்டாள்.

"எனக்கு லீவு கிடைக்காது. இன்னிக்கே டாக்டர்கிட்ட கொண்டுபோங்க. தம்பி அடுத்த துறைமுகத்துக்கு வந்ததும் போன் பண்ணுவான். நான் என்ன பதில் சொல்லுவேன்?"

மருத்துவர், சட்டைக் கையை மடித்துவிட்ட ஒரு நடுவயதுப் பெண்மணி. துரையைத் துணியில் ஏந்தி, கால்களை மெதுவாக நீட்டிப் பார்த்தார்.

"எலும்பு பலமில்லாம போயிருக்கு. கால்சியம் பத்தல. லைட்டு எப்படி? இந்த இனத்துக்கு லைட்டுதான்—"

சரவிளக்கின் சட்டைப்பையிலிருந்து விசிட்டிங் கார்டு வெளியே வந்துவிட்டது. "டாக்டர், இருபது வருஷமா வெளிச்சத்தோடதான் குடும்பம் நடத்தறேன். அந்த ஒரு விஷயத்துல மட்டும் என் வீட்டுல குறை இருக்காது."

மருத்துவர் கார்டைப் படித்தார். 'ஒளி வடிவமைப்பாளர்' என்று பொன் எழுத்தில் இருந்தது. "அப்போ உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல," என்று அந்தப் பேச்சை விட்டுவிட்டார். கால்சியம் மருந்து எழுதினார். ஊசி கழற்றிய சிரிஞ்சால் எப்படிப் புகட்டுவது என்று காட்டினார். வெதுவெதுப்பான தண்ணீரில் வயிறு நனைய உட்காரவைக்கச் சொன்னார்.

அதன்பிறகு சரவிளக்கு செய்ததைக் கடைவீதியில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மனைவி வேலைக்குப் போனதும் அவரே தட்டில் வெந்நீர் விளாவி, முழங்கையால் சூடு பார்த்து, துரையைத் தண்ணீரில் இறக்கி, தலை சாய்ந்துவிடாமல் ஒரு விரலால் மோவாயைத் தாங்கிப் பிடித்திருப்பார். வெளிச்சத்தைப் பற்றிப் பேசும்போது காற்றில் கோலம் போடுகிற அந்தக் கைகள் அசையாமல் இருக்கப் பழகின. வாயோரத்தில் ஒரு சொட்டு வைப்பார். துரை விழுங்குகிறதா என்று பார்ப்பார். விழுங்கும்வரை அடுத்த சொட்டு கிடையாது. கடை திறக்கத் தாமதமானது. கேட்டவர்களிடம், "ஒரு முக்கியமான ப்ராஜெக்ட்" என்றார்.

எல்லாம் செய்தும் துரை தேறவில்லை. ஒருநாள் தண்ணீரில் இறக்கியபோது கண்ணை மூடியது, திறக்கவே இல்லை. மார்பு மட்டும் மிக லேசாக ஏறி இறங்கியது. அவர் மோவாயிலிருந்து விரலை எடுக்காமலே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் ஆறிப் போனதுகூடத் தெரியவில்லை.

இரண்டாம் முறை மருத்துவரிடம் போனபோது மனைவியும் லீவு சொல்லிவிட்டு வந்தாள்.

மருத்துவர் எக்ஸ்ரே படத்தை மேசை விளக்குக்கு முன் தூக்கிப் பிடித்தார். எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் ஊதிவிட்ட புகை போல ஏதோ இருந்தது.

"இத்தன நாளா கால்சியம் உள்ள போயும் எலும்புல ஏறவே இல்ல. சாதாரணமா லைட்டு சரியில்லாம இருந்தா இப்படி ஆகும். வெயில்ல கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் இருக்கில்ல, அது தோல்ல பட்டாத்தான் கால்சியம் உடம்புல சேரும். இந்த இனத்துக்குப் போடற நீல டியூப் அதுக்குத்தான். ஜன்னல் கண்ணாடி வழியா வந்தா அந்தக் கதிர் வராது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?" சரவிளக்கைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். "உங்க வீட்டுல லைட்டு குறையில்ல. அப்போ மிச்சம் இருக்கறது கிட்னிதான். அது போயிருந்தா ஒண்ணும் செய்யறதுக்கில்ல. மேல மேல கஷ்டப்படுத்தாம, ஊசி போட்டு அமைதியா அனுப்பிடலாம். நீங்க ரெண்டு பேரும் யோசிச்சுச் சொல்லுங்க."

மனைவி தலையைத் திருப்பிக் கணவரைப் பார்த்தாள். அவரே சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். இத்தனை வருஷத்தில் அப்படி ஒன்றை அவர் விற்றதில்லை, வாங்கியதுமில்லை. மச்சினன் பாதியில் விட்ட பேச்சின் மீதி இப்போதுதான் காதில் விழுந்தது. இனிமேல் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். கிட்னி என்று ஆகிவிடும். எல்லாரும் வருத்தப்படுவார்கள், மச்சினன் உள்பட. யாரையும் யாரும் கேட்கமாட்டார்கள். கொண்டுவந்த அட்டைப்பெட்டிக்குள் துரை கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. ஏற இறங்கப் பார்க்கத் தெம்பில்லை. வெறுமனே பார்த்தது.

"கிட்னி இல்ல டாக்டர்."

"என்ன?"

"அந்த டியூப்ப நான் கழட்டிட்டேன். என் கடை லைட்ட மாட்டினேன். முன்னாடியே."

மருத்துவர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்தார். "நீங்க லைட்டுத் தொழில்னுதானே சொன்னீங்க?"

"அலங்கார லைட்டு, டாக்டர்."

அலங்காரம் என்ற சொல் அவர் வாயால் வந்தது அதுதான் முதல் தடவை. மனைவி கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே சுவரைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"சார், நீங்க இன்னும் கொஞ்ச நேரம் யோசிச்சிருந்தா நான் ஊசிய எடுத்திருப்பேன்," என்றார் மருத்துவர். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் சரவிளக்கை நிமிரவிடாமல் செய்தது. "போய் டியூப் வாங்கி மாட்டுங்க. பகல் பூரா, விடாம. பிழைக்கும்னு சத்தியம் பண்ணமாட்டேன். ஆனா வழி இருக்கு."

நேரே செல்லப்பிராணிக் கடைக்குப் போனார்கள். கிளிக்கூண்டுகளுக்கும் மீன்தொட்டிகளுக்கும் நடுவே, வாழ்நாளில் முதல்முறையாக அடுத்தவன் கடையில் விளக்கு வாங்க நின்றார் சரவிளக்கு.

"எந்த மாதிரி லைட்டு சார்? உங்களுக்கு இதப் பத்தித் தெரியுமா?" என்றான் கடைக்காரன்.

"தெரியாது. நீங்க சொல்லுங்க."

கடைக்காரன் சொன்னான்: எவ்வளவு உயரத்தில் மாட்டணும், நடுவில் ஏன் கண்ணாடி இருக்கக் கூடாது, வெளிச்சம் எரிந்தாலும் கதிர் தீர்ந்துபோகும் என்பதால் எப்போது மாற்றணும். நீளமாகவே சொன்னான். சரவிளக்கு கடைசிவரை கேட்டார். மனைவி அன்றைக்கு அவரிடம் பேசவில்லை. ஆனால் வீட்டில் குழலை மாட்ட அவர் ஏணியில் ஏறியபோது வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

சங்கத்துக்காரர்கள் பட்டத்துக்காகக் கூடத்தைப் படமெடுக்க வந்தபோது துரை கண்ணை நன்றாகத் திறந்து பார்க்கத் தொடங்கிக் கொஞ்ச நாள் ஆகியிருந்தது, ஆனால் நடக்க வரவில்லை. கூடம் முழுக்க நீலம். தங்கச் சுவர்கள் சாம்பல் பூத்துக் கிடந்தன.

"சார், ஒரு போட்டோவுக்கு மட்டும் அத அணைச்சுடுங்களேன்," என்றார் செயலாளர்.

"அணைக்க முடியாது."

"அஞ்சே நிமிஷம். அதுக்குள்ள என்ன ஆயிடப் போவுது?"

ஒன்றும் ஆகாதுதான். அது அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்த சுவிட்சின்மேல் கை போக மறுத்தது. "அப்படியே எடுங்க," என்றார். எடுத்தார்கள். படத்தில் எல்லோரும் நீரில் மூழ்கிக் கரையொதுங்கியவர்கள் மாதிரி விழுந்திருந்தார்கள். பட்டம் நீச்சல் குளத்துக்கு விளக்குப் போடுகிற ஒருவருக்குப் போனது.

கப்பல் துறைமுகத்துக்கு வந்தது. வீடியோ கால் வந்து போன் அடித்ததும் மனைவி எடுக்கப் போனாள். அவர் கை நீட்டி வாங்கிக்கொண்டார். முழுக்கச் சொன்னார். மச்சினன் குறுக்கிடாமல் கேட்டான். போனில் எங்கோ இரும்பில் இரும்பு மோதுகிற சத்தம் கேட்டது.

"அவன எனக்குக் காட்டுங்க அத்தான்."

காட்டினார். துரை சூட்டு விளக்குக்குக் கீழே இருந்த கல்லின்மேல் கிடந்தது. கால்கள் உடம்புக்கு அடியில் வந்துவிட்டன. தாடை கெட்டிப்பட்டிருந்தது, கெட்டிப்பட்டபோது ஒரு பக்கமாகக் கோணிவிட்டது.

"அந்தக் கோணல் இனிமே சரியாகாதுன்னாங்க டாக்டர்."

"ம்." மச்சினன் திரைக்கு இன்னும் கிட்டே வந்தான். "பூச்சி பிடிக்கிறானா?"

"இன்னும் இல்ல. நாங்கதான் ஊட்டறோம்."

"கையில பிடிச்சு முன்னாடி காட்டுங்க. அசைக்காதீங்க. நான் பாக்கறேன்."

மனைவி போனைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஒரு பூச்சியை இரண்டு விரலால் பிடித்துத் துரையின் முன்னால் நீட்டினார். துரை தலையைத் தூக்கியது. ஒருமுறை பாய்ந்தது, கோணல் வாய் காற்றைக் கடித்தது. மறுபடி பாய்ந்தது, அவர் விரலைக் கடித்தது. அவர் கையை இழுக்கவில்லை.

"அசையாதீங்க அத்தான்," என்றது போன்.

அவர் அசையவில்லை. துரை அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தலையைச் சற்றே சாய்த்து, வாயின் நல்ல பக்கத்தால் பூச்சியைப் பறித்துக்கொண்டது.