இறங்கும் இருக்கை

லாரி ஓட்டுநர் முதுகுவலியால் வீட்டில் படுத்துக் கிடந்த நாள்களில், அவர் மனைவியாகிய தையற்காரியால் ஒரு சட்டைக்குக்கூட நிம்மதியாகக் காலர் வைக்க இயலவில்லை. படுத்த வாக்கிலேயே, "அந்தத் தையல் கொஞ்சம் கோணலா போகுது பாரு" என்பார். கத்திரியைத் தொட்டறியாதவர் துணிக்கு யோசனை சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஆயினும், அவர் எழுந்து நடமாடத் தொடங்கியபோது அனைவரினும் மிகுதியாக மகிழ்ந்தவளும் அவளே.

மருத்துவர் ஒரு நிபந்தனை விதித்திருந்தார். முதுகில் அதிர்வு ஏறாத இருக்கை என்றால் வண்டி ஓட்டலாம். இல்லையேல் அத்தொழிலையே மறந்துவிட வேண்டும். நல்லவேளையாக, அவர் ஓட்டிவந்த சரக்கு நிறுவன லாரியின் இருக்கை காற்றில் மிதப்பது. அதன் அடியிலுள்ள ரப்பர்ப் பையில் காற்று நிற்கும்வரை சாலைக் குழிகள் முதுகுக்குத் தெரியா. மனைவியும் தன் பங்குக்குப் பஞ்சு வைத்துத் தடித்த உறையொன்று தைத்து, அது நழுவாதிருக்கும்பொருட்டு மூலைக்கொரு நாடா வைத்து, இருக்கையின் அடியில் இழுத்துக் கட்டியிருந்தாள்.

ஆனால், நெடுநாளைக்குப் பின் வண்டியில் ஏறி அமர்ந்த சிறிது நேரத்திற்கெல்லாம் அவ்விருக்கை, களைத்த பசு படுப்பதைப்போல மெல்ல மெல்லத் தாழ்ந்து தரைதட்டியது.

வண்டியை அவள் தம்பியின் பட்டறைக்குக் கொண்டுவந்தனர். பட்டறை வீட்டை ஒட்டியே இருந்தது. தம்பியைத் தெருவில் எல்லாரும் 'ஸ்பேனர்' என்றே அழைப்பர்; ஒல்லியான உடம்பு, ஓயாத வாய். அவன் உறையைக் கழற்றப் போனபோது ஓட்டுநர் தடுத்துவிட்டார்.

"நீ கை வைக்காத மாப்ள. உன் கையெல்லாம் கிரீஸு. உங்கக்கா தச்சது, நானே கழட்டறேன்."

நாடாக்களை அவிழ்த்து, உறையை மடித்துத் தாமே ஓரமாக வைத்தார். ஸ்பேனர் சோப்பு நுரையைக் குழைத்துப் பையின் மடிப்புகளிலும் வால்விலும் குழாய் முனைகளிலும் தூரிகையால் தடவினான். காற்று கசியுமிடத்தில் குமிழி கிளம்ப வேண்டும். ஒன்றும் கிளம்பவில்லை. அவனே ஏறி அமர்ந்து பார்த்தான். இருக்கை மலைபோல் நின்றது. ஓட்டுநர் ஈரத்தைத் துடைத்து, உறையை மாட்டி, நாடாவைக் கட்டி, ஏறி அமர்ந்தார். இருக்கை இறங்கியது.

வால்வை மாற்றினர். மீண்டும் உறை கழன்றது, நுரை பூசினர், ஸ்பேனர் அமர்ந்தான், நின்றது. உறை ஏறியது, ஓட்டுநர் அமர்ந்தார், இறங்கியது.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. நான் உக்காந்தா நிக்குது, நீங்க உக்காந்தா படுத்துக்குது. கோளாறு சீட்டுல இல்ல, தொப்பையில."

"உங்கக்கா கைச் சமையல்ல தொப்பை போட்டவன் உலகத்துல உண்டா?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றவாறே தேநீருடன் வந்து நின்றாள் அவள்.

அந்நேரம் பார்த்துச் சரக்கு நிறுவனத்தின் மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். "சாயங்காலத்துக்குள்ள ஒரு முடிவு சொல்லிடுங்கண்ணே. நாளைக்குக் காலைல லோடு ஏறணும். உங்களால முடியலன்னா வண்டியை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் திருப்பி வாங்க முடியாது."

ஓட்டுநர் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, இருக்கைக்கு மறுபடியும் காற்றேற்றினார். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. பார்வையைத் தாழ்த்தியவளின் கண்ணில் உறை பட்டது. காற்றேறி உயர்ந்திருந்த இருக்கையில், அதன் வலப்பக்கத் தையல் சுருங்கிக் கோணியிருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. 'என் தையலா இப்படி இழுக்கிறது?' இருக்கை தாழத் தாழச் சுருக்கம் விலகி, துணி நேராயிற்று.

"என்னங்க, கொஞ்சம் இறங்குங்க. எங்கயோ துணி இழுக்குது."

"துணியை அப்புறம் பார்த்துக்கலாம்மா. இங்க பொழப்பே இழுத்துக்கிட்டுக் கிடக்கு."

அவர் முனகிக்கொண்டே இறங்கினார். அவள் மண்டியிட்டு, நாடாவின் வழியே விரலை ஓட்டிச் சென்றாள். இரும்புச் சட்டத்தில் கட்ட வேண்டிய நாடா, பக்கத்திலிருந்த கறுப்புக் காற்றுக் குழாயையும் சேர்த்து வளைத்திருந்தது. முதன்முதலில் அவ்வாறு கட்டியவள் அவளேதான்; அவர் ஒவ்வொரு முறையும் அவள் கட்டிய வண்ணமே பிசகாமல் கட்டியிருக்கிறார்.

"தம்பி, சீட்டை மேல ஏத்துடா."

இருக்கை உயர்ந்தது. நாடா விறைத்துக் குழாயைப் பக்கவாட்டில் இழுத்தது. குழாய் செருகப்பட்டிருந்த முனையில், அவள் விரலின்மேல் குளிர்ந்த மூச்சொன்று பட்டது.

"இங்க காத்து வருது. நுரையைப் பூசு."

"உறையைக் கழட்டிக்கலாம் இரு, நனைஞ்சிடப் போகுது" என்று ஓட்டுநர் கை நீட்டினார்.

"நனையட்டும்ங்க. நீங்க அதைக் கழட்டிக் கழட்டி வச்சதாலதான் இவ்வளவு நேரமும் கண்ணுல படல."

நுரை பட்டதும் குமிழிகள் கொத்துக் கொத்தாய்ப் பொங்கின.

ஸ்பேனர் குனிந்து பார்த்தான். பிறகு, "சரிதான், வேலியே பயிரை மேஞ்சிருக்கு. புது வால்வு பாவம், மாமா தொப்பை அதைவிடப் பாவம்" என்றான்.

அவள் சிரிக்கவில்லை. "என்னாலதானா?" என்றாள், மெல்ல.

"உன்னாலன்னு யார் சொன்னது? இப்ப கண்டுபிடிச்சது யாரு? அதைச் சொல்லு" என்றார் கணவர்.

இழுபட்டு இழுபட்டு நெளிந்திருந்த குழாயின் நுனியை ஸ்பேனர் கத்தியால் நேராக நறுக்கி, மீண்டும் அழுந்தச் செருகினான். அவள் நாடாவைக் குழாயினின்றும் விலக்கி, இரும்புச் சட்டத்தில் முடிந்தாள். ஓட்டுநர் ஏறி அமர்ந்தார். நுரை பூசிய இடத்தில் குமிழி இல்லை.

அவர் உடனே மேலாளரை அழைத்துவிடவில்லை. மனைவி எதிர்ப்புறம் சுற்றிவந்து ஏறி, காற்றில்லாத பக்கத்து இருக்கையில் அமர்ந்தாள். அவள் தோளைவிட அவர் தோள் ஒரு சாண் உயரத்தில் இருந்தது. பட்டறை வாசலில் வெயில் சாயும்வரையிலும் அந்த ஒரு சாண் அப்படியே இருந்தது.

"இப்ப கூப்பிடுங்க" என்றாள் அவள்.