யார் புள்ளி வைப்பது

அடுத்த பருவத்திலிருந்து ஆங்கிலக் கையெழுத்து வகுப்பு கிடையாது என்று தலைமையாசிரியை அறிவித்தபோது என் வாய் நிறைய ரொட்டி இருந்தது. அதனால்தான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். இல்லையென்றால் அவர் வாக்கியத்தை முடிப்பதற்கு முன்பே ஆரம்பித்திருப்பேன். ஆசிரியர் அறையில் இருந்த எல்லோரும் சாப்பாட்டுப் பெட்டியை மூடாமல், ஸ்பூனைக் கீழே வைக்காமல் என்னையே பார்த்தார்கள். அந்த நேரத்தைத் தட்டச்சுப் பயிற்சிக்குக் கொடுக்கிறார்களாம். சின்ன வகுப்புப் பிள்ளைகள் எழுத்துகளைத் தனித்தனியாக எழுதக் கற்றுக்கொண்டால் போதுமாம், சேர்த்து எழுதத் தேவையில்லையாம். பெரிய வகுப்புக்குப் போனால் பரீட்சையே கணினியில்தானே, அப்புறம் இந்த வளைவும் சுழிவும் யாருக்காக என்று நிர்வாகம் கேட்கிறதாம்.

விழுங்கிவிட்டுத் தொடங்கினேன். வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். கூட்டெழுத்து எழுதாத பிள்ளை நாளைக்கு எப்படிக் கையெழுத்துப் போடும் என்றேன். பொறுமை எங்கிருந்து வரும் என்றேன். மூளை வளர்ச்சி என்றுகூட ஏதோ சொன்னேன், எங்கோ படித்தது. கம்ப்யூட்டர் ஆசிரியருக்கு என் மகன் வயதுதான் இருக்கும்; தலையைக் குனிந்து தயிரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். பாவம், அவர் ஒன்றும் கேட்டு வாங்கிய வகுப்பில்லை இது. நாங்கள் 'கணக்கு' என்று கூப்பிடும் கணக்கு டீச்சர் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "அவங்களுக்கு அது உயிர் மேடம்" என்று தலைமையாசிரியையிடம் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் மறுக்கவில்லை.

உயிராவது மண்ணாவது. என் வலது கை ஆடுகிறது. அதுதான் விஷயம்.

போன மழைக்காலத்தில் ஆரம்பித்தது. சும்மா மடியில் வைத்திருந்தால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல் தாமாகவே உரசிக்கொள்ளும். கையைத் தூக்கி அந்தரத்தில் நிறுத்தினால் மணிக்கட்டிலிருந்து ஆடும். ஆனால் சாக்பீஸைப் பலகையில் வைத்து அழுத்திவிட்டேன் என்றால் அடங்கிவிடும். எடுக்காத வரைக்கும் அது என் கை. கூட்டெழுத்தில் ஒரு வார்த்தையை ஆரம்பித்தால் முடிகிறவரை எடுக்க வேண்டியதில்லை. ஒரு வார்த்தைக்கும் அடுத்ததற்கும் நடுவில் சுண்டுவிரலைப் பலகையில் ஊன்றிக்கொண்டு நகர்ந்துவிடுவேன். வரியின் கடைசியில் எழுத்து சின்னதாகிவிடுகிறது என்று கடைசி பெஞ்சுக்காரர்கள் புகார் சொல்வார்கள், கண்ணைத் திறந்து பார் என்று அதட்டிவிடுவேன். தனித்தனி எழுத்து என்றால் ஒவ்வொன்றுக்கும் கையை எடுக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஆடிக்கொண்டே இறங்க வேண்டும். பிள்ளைகள் கண்ணில் அது தப்புமா? முதலில் வகுப்புக்குத் தெரியும், அப்புறம் அலுவலகத்துக்கு. அப்புறம் என்னை நூலகத்தில் உட்கார வைத்து, அன்பாகவே, ஒழித்துக்கட்டிவிடுவார்கள்.

கூட்டெழுத்திலும் ஒரு வில்லங்கம் இருந்தது. ஐ-க்கும் ஜே-க்கும் மேலே வைக்கும் புள்ளி. எழுதி முடித்துத் திரும்பி வந்து, கையைத் தூக்கி, அந்தரத்திலிருந்து வைக்க வேண்டும். முதல் தடவை என் புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில் போய் விழுந்தபோது அதை உள்ளங்கையால் அழித்தேன். சட்டென்று திரும்பி, "யாரு வந்து புள்ளி வைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான், வகுப்பே பாய்ந்து வந்தது. அன்றிலிருந்து அது ஒரு பரிசாகிவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தவருக்கு, சத்தம் போடாதவருக்கு, நகம் வெட்டி வந்தவருக்கு ஒரு புள்ளி. நான் எழுதுவேன், அவர்கள் வைப்பார்கள். எழுதினவங்க புள்ளி வைக்கக் கூடாது, அதான் ஆட்டம் என்று எப்போதோ ஒரு நாள் சொல்லியும் வைத்தேன். நல்ல ஏற்பாடு என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

தலைமையாசிரியை நியாயமானவர், அதுதான் வினையாகப் போயிற்று. நான் கத்தி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, இவ்வளவு சொல்கிறீர்களே, சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் இருக்கிறது, அவர்களிடமே சொல்லுங்கள், அவர்கள் வேண்டும் என்றால் நிர்வாகத்திடம் நானே பேசுகிறேன் என்றார். "சும்மா பேசாதீங்க, போர்டுல எழுதிக் காட்டுங்க. உங்க எழுத்தப் பார்த்தா யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க." கணக்கு கை தட்டினாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

அந்த வாரம் முழுக்க என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஐ, ஜே இல்லாமல், குறுக்குக் கோடு கேட்கிற டி-யும் இல்லாமல் ஒரு வாக்கியம் வேண்டும். கேட்டால் சுலபம் மாதிரி இருக்கும், தேடிப் பார்த்தால்தான் தெரியும். பேருந்தில் நின்றபடி கடைகளின் ஆங்கிலப் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே போனேன். எங்கே பார்த்தாலும் புள்ளி. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்தேன். வெங்காயம் நறுக்கும்போது பாதியில் கத்தியை வைத்துவிட்டு முன்னறைக்கு வந்தேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்பிப் போனேன். உருப்படியாக ஒரு வாக்கியம் அகப்பட்டபோது அது சமையல் குறிப்பு மாதிரி இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று அதையே மனசுக்குள் எழுதி எழுதிப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்க ஊராரின் மூக்கையும் காதையும் அளந்து சட்டம் மாட்டுகிற மனுஷன், வீட்டில் நடப்பது எதையும் கவனிக்க மாட்டார் என்று நிம்மதியாக இருந்தேன். சனிக்கிழமை காலையில் டீயைக் கொண்டுவந்து வைத்தார். கோப்பையைப் பார்த்தேன். பாதிதான் இருந்தது. நேற்றும் பாதி, அதற்கு முந்தின நாளும் பாதி. எப்போதிலிருந்து இந்த வீட்டில் எனக்குப் பாதி டீ கிடைக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. காதெல்லாம் சூடாகிவிட்டது.

"முழுசா ஊத்துங்க" என்றேன்.

என்னைப் பார்த்தார். விளிம்புவரை ஊற்றினார். எடுத்தேன். வாய்க்குப் போவதற்குள் தட்டில், மேஜையில், என் புடவையில் எல்லாம் டீ. துணியை எடுத்துவந்து மேஜையைத் துடைத்தார். எப்போது தெரிந்தது என்று கேட்டேன்.

"நீ வளையல் போடறத நிறுத்தினப்போ" என்றார். "சத்தம் வருதுன்னுதான கழட்டின?"

அழுகைக்குப் பதில் கோபம்தான் வந்தது. இத்தனை நாள் தெரிந்துகொண்டே பாதி டீ கொடுத்து என்னை ஏமாற்றியிருக்கிறீர்கள் என்று சண்டை போட்டேன். அவர் துணியைப் பிழிந்து காயப்போட்டார். திங்கட்கிழமை கடையைச் சாத்திவிட்டு டாக்டரிடம் போகலாம் என்றார். டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொல்லிவிடுவார், அப்புறம் அது நம் வீட்டிலேயே குடியிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது, புடவை மாற்றப் போனேன்.

கூட்டம் என் வகுப்பறையில்தான். பிள்ளைகளின் குட்டி பெஞ்சில் முழங்கால் நெஞ்சில் இடிக்க அப்பாக்களும் அம்மாக்களும் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் கம்ப்யூட்டர் ஆசிரியர் பேசினார். நன்றாகவே பேசினார் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நான் எதிர்பார்த்த திமிர் எதுவும் அவரிடம் இல்லை. எழுத வராமல் தினமும் அடி வாங்கிய பையனாகத் தான் இருந்ததைச் சொன்னார். சிலர் தலையாட்டினார்கள். நின்ற இடத்தில் நிற்காமல் சன்னலைத் திறந்தேன், மறுபடி சாத்தினேன்.

என் முறை வந்ததும் பேச்சை வளர்க்கவில்லை. சாக்பீஸை எடுத்தேன், பலகையில் அழுத்தினேன், எழுதினேன். கை ஆடவில்லை. வளைவு வளைவாக, ஏற்றமும் இறக்கமும் கோட்டில் உட்கார, ஒரு முழு வரி. பின்னால் யாரோ 'அடேயப்பா' என்று மூச்சு விட்டது கேட்டது. கை தட்டினார்கள். ஓர் அப்பா எழுந்து நின்று கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். வலது கையில் டஸ்டரை இறுகப் பிடித்துக்கொண்டு திரும்பிச் சிரித்தேன். தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன்.

அப்போது நடு வரிசையில் ஓர் அம்மா எழுந்தாள். ஏதோ பல்பொருள் அங்காடியின் சீருடைச் சட்டையோடு வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். அவள் பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். எழுதும்போது நாக்கு நுனி வெளியே வந்துவிடும், புள்ளி வைக்க எப்போதும் முதல் ஆளாகக் கை தூக்குவாள்.

"மிஸ், ஒரு சந்தேகம். எம்பொண்ணு வீட்ல எழுதி முடிச்சதும் பென்சில எங்கிட்ட நீட்டுறா. புள்ளி நீ வைம்மாங்குறா. எழுதினவங்க வைக்கக் கூடாதாம். மிஸ்ஸே வைக்க மாட்டாங்களாம்."

கூட்டம் சிரித்தது. எங்கள் வீட்டிலும் இதே கூத்துதான் என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். கைபேசி அப்பாவுக்குத் தினமும் புள்ளி வைத்த பிறகுதான் சாப்பாடாம். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"போன வாரம் டெஸ்ட்ல வேற மிஸ் வந்திருந்தாங்களாம். இவ எல்லாத்தையும் எழுதிட்டு, புள்ளி வைக்காம, அவங்ககிட்ட பென்சில நீட்டியிருக்கா. வெளையாடுறியான்னு திட்டி பேப்பரப் பிடுங்கிட்டாங்க. வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்ல."

சிரிப்பு நின்றுவிட்டது. தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். எனக்கு வாய் எப்போதும் கையைவிட வேகம். பொய் தயாராக வந்து நின்றது. அழகான பொய். பலகையில் 'மினிமம்' என்ற சொல்லைக் கூட்டெழுத்தில் எழுதினேன். எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், புள்ளி இல்லாவிட்டால் அது ஒரே மாதிரியான மேடுகளின் வரிசை, எது எந்த எழுத்து என்று கண்டுபிடிக்க முடியாது. எழுதியவருக்குப் புள்ளி எங்கே என்று தெரியும், படிக்கிறவருக்குத் தெரிகிறதா என்று சோதிக்கத்தான் அடுத்தவரை வைக்கச் சொல்கிறேன், இது ஒரு பயிற்சி முறை என்றேன். அடடே என்றார்கள். தலைமையாசிரியையின் முகம் மலர்ந்தது. கம்ப்யூட்டர் ஆசிரியர்கூட, நிஜமான மரியாதையோடு, மெல்லத் தலையாட்டினார். கணக்கு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். வகுப்பு என் கைக்கு வந்துவிட்டது என்று தெரிந்தது.

அந்த அம்மா உட்காரப் போனாள். பாதி உட்கார்ந்தவள் மறுபடி நிமிர்ந்தாள்.

"அப்போ அவகிட்ட என்ன மிஸ் சொல்லட்டும்? அவ பண்ணது சரியா தப்பா? தெனமும் கேக்குறா."

சரி என்று சொன்னால் போதும். என் வகுப்பு தப்பும், என் கையும் தப்பும். அந்தப் பெண் மட்டும் யார் யாரிடமோ பென்சிலை நீட்டிக்கொண்டு நிற்பாள். டஸ்டரைப் பிடித்திருந்த விரல்கள் வலித்தன. அதை மேஜையில் வைத்தேன்.

"அவ மேல தப்பு இல்லன்னு சொல்லுங்க" என்றேன். "எழுதினவங்களேதான் வைக்கணும். நான் வைக்காததுக்குக் காரணம் வேற. இப்ப சொன்னது பொய்."

பலகைப் பக்கம் திரும்பினேன். சுண்டுவிரலை ஊன்றவில்லை. இடது கையால் பிடித்துக்கொள்ளவும் இல்லை. சாக்பீஸோடு கையைத் தூக்கி அந்த மேடுகளுக்கு மேலே நிறுத்தினேன். மணிக்கட்டிலிருந்து ஆரம்பித்தது. ஆடட்டும் என்று விட்டேன். யாரோ இருமினார்கள், பெஞ்சு முனகியது. கணக்கு எழுந்து வர முயன்றாள். வராதே என்று தலையசைத்தேன். கையை இறக்கினேன். புள்ளி பக்கத்து மேட்டின் மேல் போய் விழுந்தது. வழுக்கிக்கொண்டு போனதில் அதற்கு ஒரு வாலும் முளைத்திருந்தது.

பின்னால் கைபேசியை யாரோ மேஜையில் கவிழ்த்து வைத்தார்கள். சாக்பீஸ் தூள் என் புடவைக் கொசுவத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சொல்லுக்கு இன்னொரு புள்ளி பாக்கி இருந்தது. கையை மறுபடியும் தூக்கினேன்.