சூட்டில் எடுத்த அளவு

"டிக்" என்று ஒரு சத்தம். ஒரே ஒரு தடவைதான். காலைப் பயிற்சி ஓட்டம் முடிந்து கார் வந்து நின்று, எஞ்சின் அணைவதற்குள் அது வந்து போய்விட்டது. சுற்றி நின்ற பத்துப் பேரில் ஒருவர் காதிலும் விழவில்லை. ஹெட் அக்கா மட்டும் சட்டென்று எஞ்சின் பக்கம் திரும்பினாள்.

பதினெட்டு வருஷமாக எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட் வேலை மட்டுமே செய்கிறவள் என்பதால் அந்தப் பெயர். கார் அவள் தம்பியுடையது, ஓட்டப் போகிறவனும் அவன்தான். எஞ்சினைப் பூட்டியவர் அவள் புருஷன், மெக்கானிக். மதியம் ஒரு மணிக்கு மலைப்பாதைப் பந்தயம். பதினொரு வளைவு. இடது பக்கம் பாறை, வலது பக்கம் ஒன்றுமே இல்லை.

இந்த ஹெட்டுக்காக வீட்டில் ஒரு மாசம் நடந்த சண்டையைக் கேட்டால் சிரிப்பு வரும். வால்வை அழுத்தித் திறக்கும் கை இருக்கிறதே, ராக்கர், அது பெரிய விகிதத்தில் வேண்டும் என்பது மெக்கானிக் கட்சி. வால்வு இன்னும் அகலமாகத் திறக்கும், காற்று கூடும், வேகம் கூடும். பழைய சின்ன ராக்கரே போதும் என்பது இவள் கட்சி. பெரிய ராக்கர் வால்வைப் பக்கவாட்டில் இழுக்கும், வால்வுத் தண்டு ஏறியிறங்கும் கைடு சீக்கிரம் தேய்ந்துபோகும் என்றாள். சோற்றுத் தட்டுக்கு முன்னாலும் அதே பேச்சுதான். கடைசியில் மனுஷன் ஜெயித்தார். ராக்கர் அவர் இஷ்டம், கைடு இவள் இஷ்டம் என்று ராஜியானது. வார்ப்பிரும்புக் கைடு வேண்டாம், வெண்கலம்தான் சூட்டைச் சீக்கிரம் கடத்தும் என்று தேடித் தேடி வாங்கினாள்.

வெண்கலக் கைடு வம்பு பிடித்தது. ஹெட்டைச் சூடாக்கி அதை உள்ளே இறக்க வேண்டும். பிறகு ராத்திரி முழுக்க ஆறவிட வேண்டும். ஆறும்போது ஹெட் சுருங்கி, கைடை நாலாபக்கமும் நெரிக்கும். நெரித்து முடித்த பிறகுதான் துளையைச் சீவி அளவெடுக்கணும். முந்தினால் அளவு பொய் சொல்லும், ஆறியதும் துளை இறுகி வால்வைப் பிடித்துக்கொள்ளும். இதை அவள் யாருக்குத்தான் சொல்லவில்லை! போன மாசம்கூட, வாடிக்கையாளர் நாலு பேர் முன்னால், சூடு ஆறுமுன் அளவெடுத்த புருஷனை "உங்களுக்கு அறிவிருக்கா?" என்று கேட்டு மானத்தை வாங்கினவள்தானே.

வியாழக்கிழமை தம்பி வாசலில் நின்றுகொண்டு, "அக்கா, ஆச்சா, ஆச்சா?" என்று உயிரை எடுத்தான். கடைசி இரண்டு துளையையும் அவள் கை பொறுக்காத சூட்டோடு சீவி, அளந்து, எழுதி வைத்தாள். அளவு அழகாக வந்தது. வராமல் என்ன செய்யும்?

இப்போது டிக். புகை வெளியேறும் வால்வு ஒன்று கைடுக்குள் சிக்கிச் சிக்கி இறங்குகிறது. முழு வேகத்தில் தண்டு இன்னும் வீங்கும். திறந்தபடியே மாட்டிக்கொண்டால் பிஸ்டன் அதை அடிக்கும். எஞ்சின் இறுகும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். வளைவில் அது நடந்தால் வலது பக்கம் என்ன இருக்கிறது என்று சொன்னேனே.

தம்பி தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு வந்தான். "என்னக்கா, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?"

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். பக்கத்தில் புருஷன் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். அந்த நாலு வாடிக்கையாளரில் இரண்டு பேரும் நின்றார்கள். பாழாய்ப்போன நாக்கு புரண்டது.

"அந்த ராக்கர் சரியில்லடா. எனக்கு மனசே ஒப்பல. இதோட நீ ஏறாத."

"ஆரம்பிச்சுட்டாடா சாமி!" என்றார் மெக்கானிக். "பந்தயத்தன்னைக்குமா?"

தம்பி சிரித்துவிட்டுப் போவான், கோபித்துக்கொண்டாவது போவான், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். அவன் அப்படிச் செய்யவில்லை.

"சரி, மாத்திடலாம். பழைய செட்டு வண்டியில இருக்குல்ல?"

"மாப்ள, ரெண்டு செகண்டு போயிடும்டா!"

"போனா போவுது மாமா. ஹெட்டு விஷயத்துல அக்கா சொன்னா சொன்னதுதான். அவ கை வேலைய நம்பித்தான நான் கால அழுத்துறேன்."

அவளே மூடியைக் கழற்றினாள். பெரிய ராக்கர்களை எடுத்து, சின்னதை மாட்டி, இடைவெளித் தகட்டை விட்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். மூன்றாவது சிலிண்டரில் கை நின்றது. கைடின் வாயோரம், எண்ணெயில், பொன்னிறமாக ஒரு பொடி மின்னியது. வெண்கலம் அரைபடுகிறது. கண்ணால் பார்த்தாயிற்று, இனி சந்தேகமே இல்லை. சண்டாளி, அப்போதாவது கத்தியிருக்கலாம். துணியை எடுத்துத் துடைத்தாள். இனிமேல் சொன்னால் இந்த ஒரு மணி நேரக் கூத்து எதற்கு என்று கேட்பார்களே என்று தோன்றியது. ஒருவேளை ஓட ஓட பழகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவள் அதை நம்பவில்லை.

மூடியை மாட்டியபோது மணி பன்னிரண்டே முக்கால். தம்பி உள்ளே உட்கார்ந்து பெல்ட்டை இறுக்கிக்கொண்டான்.

"இப்ப நிம்மதியா?"

"ம்," என்றாள்.

"அப்ப சிரிச்சுட்டுப் போ."

சிரித்தாள்.

கார் கிளம்பியது. மேலே ஏற ஏற, கண்ணுக்கு மறைந்தாலும் காதுக்குத் தெரிந்தது. முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது. மெக்கானிக் நிறுத்துக்கடிகாரத்தைப் பார்த்து, "பரவால்லையே, சின்ன ராக்கர்லயும் பறக்கிறானே! நீ சொன்னது சரிதான்" என்று அவள் தோளில் தட்டினார். அவள் காது முழுக்க மலையில் இருந்தது. ஐந்து. ஆறு. ஏழாவதில் எஞ்சின் உச்சத்துக்குப் போய், மடாரென்று நின்றது. டயர் ஒரு நீளத்துக்குக் கிறீச்சிட்டது. அப்புறம் எதுவுமே இல்லை.

ஒலிபெருக்கியில் யாரோ பாதி வாக்கியம் பேசி நிறுத்தினார்கள். ஆம்புலன்ஸ் கதவை அடைத்துக்கொண்டு புறப்பட்டது. மெக்கானிக் நாலு அடி ஓடினார், நின்றார், திரும்பி வந்தார். கடிகாரம் அவர் கையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாம் பாத்தோமே," என்றார். "ராக்கரக்கூட மாத்தினோமே. நீ சொன்னதெல்லாம் கேட்டானே. வேற என்ன இருக்கு? என்ன இருக்கு சொல்லு!"

"கைடு," என்றாள். "மூணாவது சிலிண்டர். சூட்டோட அளந்துட்டேன். காலையில சத்தம் வந்தப்பவே எனக்குத் தெரியும்."

அவர் அவளையே பார்த்தார்.

"காலையிலயேவா?" என்று கேட்டார்.